கலையை வச்சுப் பிழைக்க முடியுமா? நெல்லைச் சீமைக் கலைஞர்கள் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஓவியம் சொல்லிக் கொடுக்கிறேன். கூடவே வில்லிசைச் செட்டுக்காரர்கள் (குழுவினர்), நாதசுரக்காரர்கள், பாய் பின்னும் பெண்கள், சுவரில் படம் வரையும் பையன்கள் என்று பலருக்கும் மனு எழுதிக் கொடுப்பது, ஒப்பந்தம் படித்துச் சொல்வது, கணக்குப் போட்டுக் கொடுப்பது எல்லாம் வழக்கமாகிவிட்டது. ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. அடிக்கடி காதில் விழும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே வைத்திருக்கிறேன். பதில்கள் பழைய திருநெல்வேலிச் சீமையை, அதாவது இன்றைய நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களை மனதில் வைத்து எழுதியவை.

அண்ணாச்சி, கலையை மட்டும் வச்சு நம்ம ஊர்ல குடும்பம் நடத்த முடியுமா?

முடியும். நடத்துகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் அவர்களில் ஒருவர்கூட ஒரே வழியில் வரும் காசை நம்பி இல்லை. ஊர்க் கோயில் திருவிழாவான கொடைக்கு வில்லுப்பாட்டுப் பாடுகிறவர் ஆடி கழிந்ததும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறார். உருவப்படம் வரைகிறவர் சனி, ஞாயிறு வகுப்பு எடுக்கிறார், தசராவுக்குக் கிரீடம் செய்கிறார்.

இன்னொன்றும் அவர்களிடம் பார்த்தேன். காசைப் பற்றி வேலைக்கு முன்பே பேசிவிடுகிறார்கள். நல்ல கை இருந்தும் கடனில் கிடப்பவர்கள் பெரும்பாலும், "பார்த்துக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குகிறவர்கள்தான்.

அப்படி எத்தனை வழிதான் இருக்கு?

நிகழ்ச்சி நடத்திச் சம்பளம் வாங்கலாம். ஒருவர் கேட்டபடி செய்து கொடுத்துக் கூலி வாங்கலாம். நாமே செய்து வைத்து விற்கலாம். கற்றுக் கொடுக்கலாம். ஏற்கெனவே செய்ததை அச்சிட, ஒளிபரப்ப அனுமதி கொடுத்து அதற்கும் வாங்கலாம். அரசின் உதவித்தொகையும் விருதும் இருக்கின்றன.

முதல் இரண்டும் உடனே காசு தரும், ஆனால் கை நின்றால் காசும் நின்றுவிடும். கற்றுக் கொடுப்பதில் தொகை சிறியது, மாதம் தவறாமல் வரும். உரிமை வழியாக வருவது மெதுவாக வரும், சிலருக்கு வராமலே போகும். வீட்டு வாடகையை எதிலிருந்து கட்டுவது, பிள்ளையின் படிப்புக்கு எதிலிருந்து ஒதுக்குவது என்று இதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

கொடை சீசன் முடிஞ்சா கை காஞ்சு போகுதே, என்ன செய்ய?

நம் பக்கத்துக் கலைஞனின் வருடம் கோயிலைச் சுற்றி ஓடுகிறது. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில்கள், சித்திரையிலிருந்து ஆடி வரை அம்மனுக்கும் சுடலைமாடனுக்கும் கொடை, புரட்டாசியை ஒட்டிக் குலசேகரன்பட்டினம் தசரா. அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை படுத்துவிடும்.

கொடை பெரும்பாலும் செவ்வாயிலும் வெள்ளியிலும் வருவதால், சீசனில்கூட உங்களுக்குக் கிடைப்பது கைவிரலில் எண்ணக்கூடிய இரவுகள்தான். ஒரே செவ்வாய்க்கு நாலு ஊரிலிருந்து ஆள் வரும், மறுநாள் புதன்கிழமை யாருமே கூப்பிட மாட்டார்கள். அதனால் செவ்வாய்க்கு ஒரு சம்பளம், மற்ற நாளுக்குக் கொஞ்சம் இறங்கிய சம்பளம் என்று வைப்பதில் தப்பே கிடையாது. நாள் மாற்றத் தயாராக இருக்கும் சின்னக் கோயில்களுக்கு அது உதவியாகவும் இருக்கும்.

மழை மாதங்களுக்கான வேலையை ஆடியிலேயே பேசி வைத்துவிட வேண்டும். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. அதற்குக் கரகம், ஒயில், பறை சொல்லித்தர ஆள் தேடும் ஆசிரியர்கள் நிறையப் பேர். தலைமை ஆசிரியரைப் பள்ளி திறந்த கையோடு போய்ப் பார்த்தால் வேலை கிடைக்கும், போட்டி நெருங்கியபின் போனால் வேறு ஆள் வந்திருப்பார். பொங்கலை ஒட்டி நடக்கும் 'சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா'வுக்குக் கலை பண்பாட்டுத் துறை வழியாகக் குழுக்களை எடுக்கிறார்கள். அந்த அறிவிப்புக்குக் காதைத் தீட்டி வையுங்கள்.

ரேட் எவ்வளவு சொல்லணும்னே தெரியல. கூடச் சொன்னா போயிருவாவளோனு பயமா இருக்கு.

பயத்தில் வாயில் வருவதைச் சொல்லாமல் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். கீழே உள்ள எண்கள் வழியைக் காட்டத்தான், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓவியரை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு மாதம் 24,000 ரூபாய் வேண்டும். மாதத்தில் முப்பது நாளும் தூரிகை ஓடாது. ஆள் பார்க்க, சாமான் வாங்க, பாக்கி கேட்க என்று போனது போக, காசு வரும் வேலை 12 நாள் நடந்தால் நல்ல மாதம். அப்படியென்றால் உங்கள் ஒரு நாள் 2,000 ரூபாய். இப்போது ஒரு பள்ளியில் இருபதடி நீளம், பத்தடி உயரச் சுவரில் படம் கேட்கிறார்கள். ஐந்து நாள் வேலை, கூட ஓர் ஆள். உங்கள் கூலி 10,000, கூட வருகிறவருக்கு நாளைக்கு 1,000 வீதம் 5,000, பெயிண்ட் 6,000, சாரம் கட்ட 1,500. ஆக 22,500. சுவர் 200 சதுர அடி, அதனால் சதுர அடிக்கு 112 ரூபாய் 50 காசு. தாளாளர் "அடிக்கு அறுபது ரூபாய்க்கு முடிச்சிருவோமா?" என்று கேட்டால், உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும். அப்போது படத்தைச் சின்னதாக்கலாம், நிறத்தைக் குறைக்கலாம். கூலியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

வில்லிசைக்கும் இதே வழிதான். புலவர், உடுக்கை, குடம், ஆர்மோனியம், ஜால்ரா, பக்கப்பாட்டு என்று ஆறு பேர், இரண்டு இரவு. ஆளுக்கு ஓர் இரவு 1,500 என்றால் 18,000. கதையை நடத்திச் செல்லும் புலவருக்குக் கூடுதலாக 4,000. வண்டி 4,000, வழிச்செலவு 1,500. உடுக்கைக்குத் தோல் மாற்ற, வில்லுக்கு மணி வாங்க என்று கருவிக்காக ஒதுக்குவது 1,000. மொத்தம் 28,500. இது அடிவிலை. இதற்குமேல் எவ்வளவு கேட்பது என்பது உங்கள் பெயரையும் கிழமையையும் பொறுத்தது. கருவிக்கு ஒதுக்குவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், அப்புறம் கொடை நெருங்கும் நேரத்தில் தோல் கிழிந்தால் வட்டிக்கு வாங்க ஓடுகிறார்கள்.

சொந்தக்காரவுகளும் தெரிஞ்சவுகளும் சும்மா செஞ்சு கேக்காவ. மாட்டேன்னா மூஞ்சியத் தூக்குதாவ.

முழு விலையைச் சொல்லுங்கள். அப்புறம், "உங்களுக்காக இவ்வளவு விடுதேன் சித்தப்பா" என்று விடுவதையும் சொல்லுங்கள். விலையே சொல்லாமல் செய்து கொடுத்தால், அந்த வேலைக்கு விலையே இல்லை என்று அவர் பத்துப் பேரிடம் சொல்வார். கல்யாணத்துக்கு மொய்யாகப் படம் வரைந்து கொடுக்க நினைத்தால் தாராளமாகக் கொடுங்கள். அது நீங்களாக எடுத்த முடிவாக இருக்க வேண்டும்.

"மேடை கிடைக்குது, பேர் கிடைக்கும், சம்பளம் கிடையாது" என்று கூப்பிடும் விழாக்களுக்கு என் பதில் வேறு. பந்தல்காரருக்கும் மைக்செட்காரருக்கும் அங்கே காசு கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். கொடுக்கிறார்கள் என்றால் உங்களுக்கும் கொடுக்கலாம்.

அச்சாரம் எவ்வளவு வாங்கலாம்? எழுதி வாங்குனா மரியாதைக் குறைவா நினைக்க மாட்டாவளா?

மூன்றில் ஒரு பங்கு வாங்குங்கள். வெற்றிலை பாக்கில் நூற்றியொரு ரூபாய் வைத்துக் கொடுப்பது நல்ல வழக்கம், அதை மறுக்க வேண்டாம். ஆனால் அந்த நூற்றியொன்றை நம்பி வேறு ஊர் அழைப்பை விட முடியாது.

எழுத்துக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. பேசி முடித்துவிட்டு வந்து, கோயில் தர்மகர்த்தாவுக்கு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி போடுங்கள்: "வணக்கம் அண்ணாச்சி. வைகாசி கடைசிச் செவ்வாய் உங்க ஊர் அம்மன் கொடைக்கு வில்லிசை பேசியிருக்கு. சம்பளம் 30,000. அச்சாரம் 10,000 வந்துட்டு. மீதி 20,000 மேடை ஏறுறதுக்கு முன்னாடி. வண்டி எங்க பொறுப்பு, சாப்பாடும் தங்குற இடமும் உங்க பொறுப்பு. சாயங்காலம் ஏழு மணிக்கு ஆரம்பம். மழையில நின்னா அச்சாரம் திரும்பாது, வேற நாள் வச்சா கழிச்சுக்கலாம். சரிதானா?" அவர் "சரி" என்று ஒரு வார்த்தை போட்டால் போதும். இதில் மரியாதைக் குறைவு எங்கே இருக்கிறது? கொடைக்காக ஊரில் பிரித்த வரிப்பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய தர்மகர்த்தாவுக்கும் இது ஆதாரம்.

ஆரம்பிக்கும் நேரத்தை எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்ததிலிருந்து, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. திருவிழாவுக்கென்று சில நாட்கள் நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம், அவ்வளவுதான். தீபாராதனை தாமதமாகி ஒன்பதரைக்கு மேடை ஏறி, போலீஸ் வந்து மைக்கை நிறுத்தினால், "பாதிக் கதைதானே பாடுனீய" என்று சம்பளத்தைப் பிடிக்கிறார்கள். குறித்த நேரம் எழுத்தில் இருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

மேடையில குத்துற ரூபா நோட்டு யாருக்குச் சேரும்?

செட்டுக்குள் முதல் நாளே பேசி வைக்க வேண்டிய விஷயம். ஆட்டக்காரப் பெண்ணுக்கு என்று கொடுத்தது அவருக்கு, செட்டுக்கு என்று மைக்கில் சொல்லிக் கொடுத்தது எல்லாருக்கும் சமபங்கு என்று வைத்துக்கொள்வதுதான் நியாயமாகப் படுகிறது. ஒட்டுமொத்தமாக எடுத்துக்கொள்ளும் செட்டுத் தலைவரிடம் நல்ல கைகள் நிலைப்பதில்லை. அன்பளிப்பை மனதில் வைத்துக்கொண்டு சம்பளத்தைக் குறைத்துப் பேசுவதும் கூடாது, அது விழுந்தால் விழும்.

நோட்டைக் கொடுக்கும் சாக்கில் மேடையேறிப் பெண் கலைஞர்களிடம் அத்துமீறுவது நடக்கிறது. "அன்பளிப்பை விழாக் கமிட்டியிடம் மட்டும் கொடுக்க வேண்டும், யாரும் மேடைக்கு வரக்கூடாது" என்ற வரியையும் மேலே சொன்ன செய்தியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பத்தமடையில பாய் பின்னுதோம். யாவாரி சொல்லுத விலைக்குத்தான் கொடுத்தாகணுமா?

எல்லாப் பாயையும் நீங்களே விற்க முடியாது. சாதாரணப் பாய் மொத்தமாகத்தான் போகும். ஆனால் பட்டுப்பாயை வியாபாரி விலைக்குத் தள்ளிவிடுவது எனக்கு மனதாகவில்லை. கோரையைக் கிழித்து, ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, மறுபடி முடி மாதிரி மெல்லிசாகக் கிழித்து, சாயம் ஏற்றி, அப்புறம்தான் தறிக்கே வருகிறது. விலை பேசும்போது பின்னிய நாளை மட்டும் எண்ணுகிறீர்கள். கிழித்த நாள், ஊறிய நாள், சாயம் போட்ட நாள் எதுவுமே கணக்கில் ஏறுவதில்லை. மேலே ஓவியருக்குப் போட்ட கணக்கை இங்கேயும் போட்டுப் பாருங்கள்.

உங்களுக்குக் கையில் கிடைத்திருக்கும் நல்ல சரக்கு, பொண்ணு மாப்பிள்ளை பெயரைப் பின்னிய கல்யாணப் பாய். அதை மொத்த வியாபாரி முன்கூட்டிச் செய்துவைத்து விற்க முடியாது. ஒவ்வொன்றும் தனி ஆர்டர், நேரடியாக உங்களிடம்தான் வந்தாக வேண்டும். பாதிப் பணம் முன்பணம். பெயரை வாடிக்கையாளரே எழுதி அனுப்ப வேண்டும், எழுத்துப் பிழைக்குச் சண்டை வராது. தறியில் எழுத்து விழும்போது ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், அந்தப் படத்தைப் பார்த்தே அடுத்த ஆர்டர் வரும்.

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு, இருக்கிறது. அந்தப் பெயரைச் சட்டப்படி போட்டு விற்க, 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' என்று நீங்கள் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு பத்து வருடம் செல்லும், புதுப்பிக்கலாம். மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க் கண்காட்சிகளில் கடை போட அந்த அட்டையைத்தான் முதலில் கேட்பார்கள்.

நலவாரியத்துல பேர் கொடுத்தா என்ன கிடைக்கும்? ஏஜெண்டு ரெண்டாயிரம் கேக்கான்.

ஏஜெண்டுக்குக் கொடுக்காதீர்கள். தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியம் 2007-இல் தொடங்கியது. நெல்லையில் இருக்கும் கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகத்துக்கு நீங்களே போய் விண்ணப்பிக்கலாம். உறுப்பினரானால் பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், விபத்து, மரணம் இவற்றுக்கு உதவித்தொகை உண்டு. இது மாதச் சம்பளம் என்று நினைத்துப் போய் ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மாதாமாதம் வருவது வேறு. நலிந்த நிலையில் உள்ள மூத்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் உதவி இருக்கிறது, வயதும் வருமானமும் பார்த்துக் கொடுக்கிறார்கள். வாத்தியம், ஆடை வாங்கவும் உதவி உண்டு. இதற்கெல்லாம் நீங்கள் கலைஞர்தான் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். கோயில் நோட்டீஸ், பழைய போட்டோ, பத்திரிகைத் துண்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். முப்பது வருடம் மகுடம் என்ற தோல்கருவியை அடித்த கணியான் கூத்துக் கலைஞரிடம் தன் பெயர் போட்ட ஒரு நோட்டீஸ்கூட இல்லாமல் போவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. இன்று முதல் ஒரு பையில் போட்டு வையுங்கள்.

மாவட்டக் கலை மன்ற விருதுக்கும் விண்ணப்பியுங்கள். 18 வயது வரை கலை இளமணி, 35 வரை கலை வளர்மணி, 50 வரை கலைச் சுடர்மணி, 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. பரிசுத்தொகை சின்னதுதான். ஆனால் அந்தச் சான்றிதழைப் பார்த்தபின் பள்ளியும் கல்லூரியும் பேசும் சம்பளம் உயர்கிறது.

கடன் வாங்கித் தொழிலைப் பெருக்கலாமா?

கருவியோ தறியோ சூளையோ வாங்க என்றால் வாங்கலாம். வீட்டுச் செலவுக்கு என்றால் வேண்டாம். தமிழக அரசு 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 வகைத் தொழில்கள் இருக்கின்றன. 35 வயது முடிந்தவர்களுக்கு 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம் என்ற கணக்கில் தொடங்கினார்கள். உங்கள் தொழில் அதில் வருகிறதா, இப்போதைய விதி என்ன என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

யூடியூப்ல போட்டா காசு கொட்டும்னு தம்பி சொல்லுதான்.

விளம்பரக் காசு வர 1,000 சந்தாதாரர்களும், கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்த்த கணக்கும் வேண்டும். ஷார்ட்ஸ் என்றால் 90 நாளில் ஒரு கோடி பார்வை. அதற்கப்புறமும் கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். அதனால் இதை நம்பி மற்ற வேலையை விடாதீர்கள்.

ஆனால் சேனல் கட்டாயம் வேண்டும், கடைவாசல் பலகை மாதிரி. வள்ளியூரிலோ சாத்தான்குளத்திலோ கொடைக் கமிட்டிக்காரர்கள் இப்போது செட்டுப் பேசுவதற்கு முன் போனில் பார்க்கிறார்கள். மூன்று மணி நேர நிகழ்ச்சியை அப்படியே ஏற்றாமல், கதை சூடு பிடிக்கும் ஐந்து நிமிடத்தை வெட்டிப் போடுங்கள். ஊர்ப் பெயரும் கோயில் பெயரும் தலைப்பில் இருக்கட்டும். மும்பையிலும் துபாயிலும் இருக்கும் அந்த ஊர்க்காரர்கள் தேடிப் பார்ப்பார்கள். கொடைக்கு வரி அனுப்புகிறவர்களும் அவர்கள்தான்.

கொடையில சினிமா மெட்டுலதான் பாடுனோம். வீடியோ போட்டதும் காப்பிரைட்னு வந்துட்டு. கோயில்ல பாடுனா தப்பில்லைனு சொன்னாவளே?

இரண்டும் வேறு. சமயச் சடங்கின் பகுதியாகப் பாடுவதற்கும் கல்யாண வீட்டில் பாடுவதற்கும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் விலக்குக் கொடுக்கிறது. அந்த விலக்கு மேடையோடு முடிந்தது. அதைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றுவது தனிச் செயல், மெட்டின் உரிமைக்காரர் விளம்பர வருமானத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். வழிவழியாக வந்த வில்லுப்பாட்டு மெட்டில் பாடிய பகுதியை ஏற்றினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. அந்த மெட்டுகள்தான் உங்கள் சொத்தும்கூட.

ஆராய்ச்சினு சொல்லி ரெக்கார்டு பண்ணிட்டுப் போயி காசு பாக்காவ. எங்களுக்கு ஒண்ணும் கிடையாதா?

உண்டு. நிகழ்த்துகிறவருக்கு அதே சட்டத்தில் தனி உரிமை இருக்கிறது, 50 வருடம் செல்லும். படிப்புக்கும் உண்மையான ஆராய்ச்சிக்கும் பதிவு செய்வதை அது தடுக்காது. நம் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை மாதிரி இடங்கள் நம் கலைகளைப் பதிந்து வைத்ததால்தான் பல கதைப்பாடல்கள் இன்றைக்கும் கிடைக்கின்றன. அப்படி வருகிறவர்களுக்கு மனதாரப் பாடுங்கள். ஆனால் அதே பதிவை உங்கள் சம்மதம் இல்லாமல் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

அதனால் மைக்கை வைப்பதற்கு முன், "ஆராய்ச்சிக்கு மட்டும், விற்கவோ விளம்பரத்தோடு ஏற்றவோ தனியாகக் கேட்க வேண்டும்" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். சினிமாக்காரர்கள் நீட்டும் தாளில் உடனே கையெழுத்துப் போடாமல், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அவர்கள் தாளில் பெரும்பாலும் "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று இருக்கும். அந்த இரண்டு சொல்லுக்கும் விலை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஒருத்தர் காசு கொடுத்து வரையச் சொன்ன படம். நான் பிரிண்ட் போட்டு விக்கலாமா? அவரு காலண்டர்ல போட்டுட்டாரே?

இங்கேதான் ஓவியர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். சாதாரணமாக வரைந்தவருக்கே உரிமை, ஆயுள் முழுக்கவும் அதற்குப் பின் 60 வருடமும். ஆனால் ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு வரைந்த ஓவியம், உருவப்படம், எடுத்த போட்டோ இவற்றில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதல் உரிமை பணம் கொடுத்தவருக்கு. அவர் காலண்டரில் போட்டது சட்டப்படி சரியாக இருக்கலாம், நீங்கள் பிரிண்ட் போட்டால் நீங்கள்தான் தப்பு.

தீர்வு, அச்சாரத்தோடு அனுப்பும் செய்தியில் இன்னொரு வரி: "படம் உங்களுக்கு, அச்சிடும் உரிமை எனக்கு, காலண்டருக்கோ விளம்பரத்துக்கோ வேண்டுமென்றால் தனித்தொகை." நேரில் ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிவிட்டால் இன்னும் உறுதி. படம் யாருடையதானாலும் அதன்மேல் உங்கள் பெயரைக் கேட்கும் உரிமை உங்களை விட்டுப் போகாது.

ஜிஎஸ்டி, வருமான வரி எல்லாம் எங்களுக்கும் உண்டா?

நாட்டுப்புற, செவ்வியல் இசை, நடனம், நாடகம் நிகழ்த்தும் கலைஞருக்கு, ஒரு நிகழ்ச்சிச் சம்பளம் ஒன்றரை லட்சத்துக்குள் என்றால் ஜிஎஸ்டி விலக்கு. பொருள் விற்பவர்களுக்கு வருட விற்பனை 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு. நம்மில் பலருக்கு அது வராது.

வருமான வரியில் கவனிக்க வேண்டியது வேறு. கல்லூரியோ நிறுவனமோ சம்பளத்தில் கொஞ்சம் வரியாகப் பிடித்துவிட்டு மீதியைத் தருவது உண்டு. உங்கள் வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கலாம். பான் எண் கொடுக்காவிட்டால் கூடுதலாகப் பிடிப்பார்கள்.

வெளிநாட்டுல ஊர்ச்சங்கம் கூப்பிடுது. டூரிஸ்ட் விசாவுல வந்துருங்கனு சொல்லுதாவ.

போக வேண்டாம். சுற்றுலா விசாவில் போய்க் காசு வாங்கி மேடை ஏறுவது பல நாடுகளில் குற்றம், மாட்டுகிறவர் நீங்கள், கூப்பிட்டவர் அல்ல. கலைஞருக்கான அனுமதி, போகவர டிக்கெட், தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு என்று எழுத்தில் வந்தபின் அச்சாரம் பேசுங்கள். பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.

பேங்க்ல வருமானச் சான்று கேக்காவ. நாங்க எங்க போவோம்?

இன்றைக்கே ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, ஊர், என்ன வேலை, பேசியது, வந்தது, பாக்கி, ஒரு பக்கத்தில் ஆறு கட்டம் போதும். சம்பளத்தை முடிந்தவரை வங்கிக் கணக்கில் வாங்குங்கள், கையில் கொடுத்தாலும் மறுநாள் கணக்கில் போட்டுவிடுங்கள். வரி கட்டத் தேவையில்லாவிட்டாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள். செய்து விற்கிறவர்கள் சிறுதொழிலுக்கான உத்யம் பதிவும் எடுங்கள், அரசுத் தளத்தில் அது இலவசம்.

இரண்டு மூன்று வருட ரிட்டர்னும், அதோடு பொருந்தும் வங்கிக் கணக்கும் இருந்தால் கடன் மேலாளர் உங்களை உட்கார வைத்துப் பேசுவார். அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். தொழில் எந்த மாதம் ஏறும், எந்த மாதம் இறங்கும் என்பதை அதைக் காட்டித்தான் விளக்க முடியும். தவணையை ஐப்பசி, கார்த்திகையில் குறைத்துச் சித்திரையிலிருந்து ஆடி வரை கூட்டி வைக்க முடியுமா என்றும் கேளுங்கள்.